ஓப்பல் சிசெல் வீட்டு வடக்குச் சுவர்

எங்கள் கானர்ஸ் ரன் ஊரில் ஒரு வீடு பளிச்சென்று வெள்ளையாக நின்றால் யாரும் மெச்ச மாட்டார்கள். அந்த வீட்டு ஆளுக்கு வேலை போய்விட்டதோ என்றுதான் விசாரிப்பார்கள். டாஸ்வெல் விஸ்கி ஆலையின் கிடங்குகளில் பீப்பாய் நிறைந்திருக்கும்வரை இங்கே எதுவும் வெள்ளையாக இருக்க வழியில்லை. ஓக் பீப்பாய்க்குள் வருஷக்கணக்கில் கிடக்கும் விஸ்கி கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கூரை இடுக்கு வழியே வெளியேறும். அந்த ஆவியைத் தின்றே பிழைக்கும் கரும்பூசணம் ஒன்று உண்டு. அது மரத்தில் படரும், தபால் பெட்டியில் படரும், கல்லறைச் சிலுவையில்கூடப் படரும். வீட்டுச் சுவரில் கரி பூசியதுபோல அப்பிக்கொள்ளும். ஆவியாகிப் போவதைச் சம்மனசுகளின் பங்கு, தேவதூதர்கள் குடித்த பங்கு என்று ஆலைக்காரர்கள் அழகாகச் சொல்வார்கள்.

"சம்மனசு குடிச்சா குடிச்சிட்டுப் போகட்டும். குடிச்சிட்டு எங்க வீட்டுச் சுவத்துலதான் வந்து ஒதுங்கணுமா?" என்பாள் ஓப்பல் சிசெல்.

அவள் வீட்டுக்கும் ஆலையின் முதல் கிடங்குக்கும் நடுவே ஒரு கம்பி வேலிதான். அவள் புருஷன் கிளீட்டஸ் அந்தக் கிடங்கில் பீப்பாய் உருட்டினான். அவள் புட்டி நிரப்பும் கூடத்தில் வேலை பார்த்தாள். ஆகவே அந்தச் சுவரின் கறுப்பு அவர்கள் சோறு போட்ட கறுப்பு. பாஸ்கா பண்டிகை முடிந்து, மே மாதக் குதிரைப் பந்தயச் சனிக்கிழமை வருவதற்குள் ஊரே வாளியும் ஏணியுமாக வெளியே வரும். பிளீச்சிங் கரைசலைப் போட்டுத் தேய்ப்பார்கள், மேலே ஒரு பூச்சு வெள்ளை அடிப்பார்கள். கிளீட்டஸ் ஏணிமேல் நிற்பான், ஓப்பல் கீழே நின்று விட்ட இடத்தைக் காட்டுவாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் எல்லாம் மறுபடியும் கறுத்துவிடும். இது என்ன பிழைப்பு என்று ஆளாளுக்கு அலுத்துக்கொள்வார்கள். அந்த அலுப்பில் பாதி பெருமைதான்.

ஓப்பலுக்குக் கூடத்தில் வெளிச்சப் பெட்டி வேலை. நிரப்பிய புட்டிகள் ஒரு விளக்குக்கு முன்னால் வரிசையாக நகர்ந்து போகும், அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நூல், ஒரு கரித்துகள் மிதந்தாலும் கை நீட்டி எடுத்துவிடுவாள். பக்கத்தில் ஹேசல் ஹட்சன்ஸ் லேபிள் ஒட்டுவாள். ஒருமுறை பெரிய இடத்து ஆர்டர் ஒன்று அவசரமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஓப்பல் பொத்தானை அமுக்கி மொத்த வரிசையையும் நிறுத்திவிட்டாள். மேஸ்திரி ஓடி வந்து கத்தினான்.

"ஒரு ஈக்காகவா நிறுத்துன?"

"ஒரு ஈதான். நீங்க குடிக்கிறதா இருந்தா சொல்லுங்க, உங்க பேரு எழுதி எடுத்து வெச்சிடுறேன்."

கூடமே சிரித்தது. மேஸ்திரியும் வேறு வழியில்லாமல் சிரித்தான். அந்த நாளில் எங்கள் சரக்குக்கு அப்படி ஒரு மவுசு. எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் டாஸ்வெல் ஒன்று இருக்கும், எந்தச் சாவு வீட்டிலும் அதுதான் கையில் கொடுப்பார்கள். அது என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

கெட்ட செய்தி எங்கள் ஊருக்கு நார்மா வழியாக வந்தது. நார்மா கிளீட்டஸின் தங்கை, பக்கத்து டவுனில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவள் கைப்பையிலிருந்து வோட்கா புட்டியை எடுத்து, டாஸ்வெல் புட்டிக்குப் பக்கத்திலேயே மேசைமேல் வைத்தாள்.

"இது என்னடி?" என்றாள் ஓப்பல்.

"இப்ப எல்லாரும் இதைத்தான் குடிக்கிறாங்க அண்ணி. ஆரஞ்சு ஜூஸ்ல ஊத்துனா இருக்கிற இடமே தெரியாது. வாயில வாடையும் வராது. கஸ்டமர் தலையைச் சீவிக்கிட்டே குடிக்கலாம்."

"நெறம் இல்ல, மணம் இல்ல, ருசி இல்ல. அப்புறம் அதை எதுக்குடி குடிக்கிறது?"

"அதுக்குத்தான் குடிக்கிறது. உங்க விஸ்கியைக் குடிச்சா எங்கப்பா வந்து பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கு. யாருக்கு வேணும் அது?"

கிளீட்டஸ் தங்கையையும் பார்த்தான், பெண்டாட்டியையும் பார்த்தான், கோழிக்காலைக் கடிக்கத் தொடங்கிவிட்டான். ஓப்பல் எழுந்து அந்த வோட்காவைக் கழுவு தொட்டியடியில், பாத்திரம் தேய்க்கும் சோப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். நார்மா அங்கே போய் எடுத்து ஊற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் வோட்காவுக்கு அதுதான் இடம்.

ஆனால் நார்மா சொன்னது பொய்யில்லை. வாழ்ந்தாலும் ஏசும், தாழ்ந்தாலும் ஏசும் இந்த வையகம். அப்பன் குடித்ததை மகன் தொட மாட்டேன் என்றான். டாஸ்வெல் முதலாளிகள் பதறிப்போனார்கள். பதறிய கை எதைத் தொட்டாலும் துலங்காது. வெளுத்த விஸ்கி என்று ஒன்றை அந்தக் காலத்தில் பல ஆலைகளும் இறக்கின, எங்கள் ஆலையும் இறக்கியது. வோட்கா குடிப்பவனை இழுக்க வேண்டுமாம். வெளிச்சப் பெட்டி முன்னால் அது வந்தபோது ஓப்பல் ஹேசலைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாரு. பாத்திரம் கழுவுன தண்ணியைப் புட்டில அடைச்சிருக்கான்."

"மெதுவாப் பேசு, மேஸ்திரி நிக்கிறான்."

"நின்னா நிக்கட்டும். அவன் பொண்டாட்டிகூட இதை வாங்க மாட்டா."

யார் பெண்டாட்டியும் வாங்கவில்லை. அடுத்தபடியாகப் பீங்கான் ஜாடி வந்தது. கோவேறு கழுதை, ரயில் எஞ்சின், சேவல், ஃபெசன்ட் கோழி என்று வித விதமாக ஜாடி செய்து, அதன் வயிற்றில் விஸ்கியை ஊற்றி விற்றார்கள். ஜனங்கள் ஜாடிக்காக வாங்கினார்கள், வாங்கி அலமாரியில் வைத்தார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று மூடியைத் திருகிக்கூடப் பார்க்கவில்லை. கழுதையின் கழுத்து வழியாகப் புனல் வைத்து நல்ல சரக்கை ஊற்றும்போது ஓப்பலுக்கு அழுகை வரும். வெளிச்சப் பெட்டிக்கு வேலையே இல்லை. பீங்கானுக்குள் ஈ மிதந்தால் எவன் பார்க்கப் போகிறான்?

ஒரு கிறிஸ்துமஸ் காலையில் அவள் குப்பை கொட்ட வெளியே போனவள் வடக்குச் சுவருக்கு முன்னால் அப்படியே நின்றாள். பந்தயத்துக்கு முன்னால் அடித்த வெள்ளை இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

"கிளீட்டஸ், இங்க வா. சுவத்தைப் பாத்தியா?"

"பாத்தேன்." அவன் கதவருகிலேயே நின்றான். "ஒரு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கிடங்குல பாதித் தளம் காலி ஓப்பல். போற பீப்பாய் போகுது. புதுசா ஒண்ணும் உள்ள வர்றதில்ல."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா கறுத்துடுமா?"

எண்பத்தாறு வசந்தத்தில் ஆலையை மூடினார்கள். மேலாளர் பிரூயிட் எல்லாரையும் புட்டிக் கூடத்துக்கு வரச் சொன்னார். பிரூயிட் கெட்ட மனுஷன் இல்லை, மேலே இருப்பவர்கள் சொன்னதைக் கீழே வந்து சொல்பவர், அவ்வளவுதான். ஓடாத வரிசைக்கு முன்னால் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று பேசினார்.

"காலம் மாறிடுச்சு. கலர் இல்லாததாக் கேக்குறாங்க, வாடை இல்லாததாக் கேக்குறாங்க. பழுப்பு விஸ்கி முடிஞ்சுபோன கதை. உங்களுக்கு ஏதாவது செய்யணும்னு கேட்டேன். கிடங்குல விக்காம நிக்கிற எட்டு வருஷச் சரக்கு, ஆளுக்கு ஒரு பெட்டி எடுத்துட்டுப் போகலாம். ஒரே ஒரு நல்லது, இனிமே உங்க வீடெல்லாம் வெள்ளையா இருக்கும்."

தானே சொல்லித் தானே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஓப்பல் கை தூக்கினாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். இதைக் குடிச்சிட்டு நல்லா இல்லேன்னு யாராவது திருப்பி அனுப்புனாங்களா?"

"இல்லம்மா. சரக்கைப் பத்தி ஒரு புகாரும் இல்ல."

"அப்ப குத்தம் சரக்குல இல்ல. ஜனங்களுக்குப் புத்தி கெட்டிருக்கு. கெட்ட புத்தி தெளியும் சார். எங்க வீடு திரும்பக் கறுக்கும். நான் இங்கேயே உக்காந்து பாக்கத்தான் போறேன். நீங்க அப்ப எங்க இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாது."

பிரூயிட் முகம் சிவந்துவிட்டது. "அப்படிக் கறுத்தா சொல்லி அனுப்புங்க ஓப்பல். நானே வந்து வெள்ளையடிச்சுத் தர்றேன்" என்றார்.

இந்தத் தடவை சிலர் சிரித்தார்கள். வேலை போன அன்றைக்கு, கூட வேலை பார்த்தவர்களே சிரித்தது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அவள் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கிளீட்டஸின் பெட்டியை ஹேசலிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். மற்றவர்கள் அந்தச் சரக்கைக் குடித்தார்கள், கோழிக்கும் டயருக்கும் மாற்றினார்கள். ஒருவன் அதை வைத்துக் கார் கண்ணாடி துடைத்தான். ஓப்பல் பெட்டியை நிலவறையில், கரி அடுப்புக்குப் பின்னால் வைத்து மேலே ஒரு கம்பளியைப் போர்த்தினாள்.

அந்த மே மாதமும் கிளீட்டஸ் ஏணி போட்டு வெள்ளையடித்தான். வடக்குச் சுவரில் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்க்குப் பின்னால் போனபோது ஓப்பல் கீழேயிருந்து கத்தினாள்.

"அதை விட்டுடு. குழாய்க்குப் பின்னாடி கை எட்டாமத் தங்கிப்போன பழைய கறுப்புக் கோடு அப்படியே இருக்கட்டும்."

"எதுக்கு?"

"சுவரு திரும்பக் கறுக்கும்போது ஒப்பிட்டுப் பாக்க வேணாமா? இந்தக் கோடு எது, புதுக் கறுப்பு எதுன்னு தெரியாமப் போற அன்னைக்குத்தான் பெட்டியைத் திறப்பேன். அதுவரைக்கும் எவன் செத்தாலும் பொழச்சாலும் திறக்க மாட்டேன்."

"நான் செத்தாக்கூடவா?"

"நீ சாகுறதுக்கு இப்ப என்ன அவசரம்?"

அவனுக்கு அவசரம் இருந்திருக்கிறது. லூயிவில் நகரத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, தினமும் இருட்டில் போய் இருட்டில் வந்தான். சில குளிர்காலம் அப்படி ஓடியது. பிறகு ஒரு நாள் பனியைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது மண்வெட்டியைப் பிடித்தபடியே விழுந்தான். புனித பிரெண்டன் கோவிலில் பூசை வைத்து அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள், அந்த வெள்ளை வீட்டுக் கூடத்தில் நார்மாவின் வோட்காவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நார்மாவே அழுதுகொண்டே சொன்னாள்.

"இன்னைக்காவது ஒரு புட்டியத் திற அண்ணி. அண்ணன் உருட்டுன பீப்பாயில இருந்து வந்தது. அவனுக்காக."

ஓப்பல் சன்னல் வழியே சுவரைப் பார்த்தாள். "கறுக்கல" என்றாள்.

கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது. பேசட்டும். கிளீட்டஸ் விழுந்ததற்கு நெஞ்சு வலியைக் காரணம் சொன்னார் டாக்டர். ஓப்பலுக்குக் காரணம் வேறாகத் தெரிந்தது. பிரூயிட்டின் சிரிப்பு பொய்யாவதற்கு முன்னால் அந்தப் புட்டியைத் திறந்தால், முடிஞ்சுபோன கதை என்று தானும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவள் நினைத்தாள். அதை மட்டும் செய்ய அவளால் முடியவில்லை. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்து, பிள்ளைகளுக்கு மக்காச்சோள ரொட்டி சுட்டுப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினாள். பார்லரை மூடிவிட்டு நார்மாவும் அவளோடு வந்து தங்கினாள். தனித்தனியாக இருந்தால் சண்டை போட ஆள் வேண்டாமா?

நடுவில் ஒரு காலம் லாரிகள் வந்து, காலியாகாமல் கிடந்த பழைய பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போயின. எங்கே போகிறது என்று கேட்டதற்கு ஓட்டுநர் ஜப்பானுக்கு என்றான். அங்கே வயதான அமெரிக்க விஸ்கிக்கு ஆளாய்ப் பறக்கிறார்களாம்.

"கேட்டியா நார்மா? நம்ம ஊரு தொடாததை ஏழு கடல் தாண்டி இருக்கிறவன் கும்பிட்டு வாங்குறான்."

"போன மூதேவி போகட்டும். உன் சுவருதான் கறுக்கலியே."

"கறுக்கும்."

புது முதலாளிகள் வந்தார்கள். பழைய பெயரையே வைத்துக்கொண்டு ஆலையைத் திறந்தார்கள். முதலில் ஒரு கிடங்கு நிறைந்தது, பிறகு இன்னொன்று. ஓப்பல் தினமும் காலையில் காபிக் கோப்பையோடு வடக்குச் சுவரைப் போய்ப் பார்ப்பாள். மூட்டமாயிருந்த ஒரு காலையில், கூரைக்குக் கீழே மிளகுத்தூள் தெளித்த மாதிரி சில புள்ளிகள் தெரிந்தன. வருஷக்கணக்கில் வெளிச்சப் பெட்டி பார்த்த கண் ஏமாறாது. அவள் விரலை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். கறுப்பு விரலில் ஒட்டியது. அன்றைக்குச் சமையல்கட்டில் அவள் பாட்டுப் பாடிக்கொண்டே ரொட்டி சுட்டதைப் பார்த்து, கிழவிக்குக் கல்யாணம் கில்யாணம் நிச்சயமாகியிருக்கிறதோ என்று கேலி செய்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை உலகமே அறியும். அப்பன் குடித்ததைத் தொட மாட்டேன் என்றவனின் மகன், தாத்தா குடித்ததைத் தேடிக்கொண்டு வந்தான். கடைவாசலில் கூடாரம் அடித்துக் காத்துக் கிடந்து வாங்கினார்கள். தாடி வைத்த இளைஞர்கள் கார் போட்டு வந்து, பழைய ஆலைக்காரர் வீட்டுக் கதவையெல்லாம் தட்டினார்கள். "அம்மா, மூடுறதுக்கு முன்னாடி அடைச்ச புட்டி ஏதாவது நிலவறையில கிடக்குதா? என்ன விலைன்னாலும் தர்றோம்." கார் கண்ணாடி துடைத்தவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். ஓப்பல் மட்டும் எதுவும் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். நார்மா கூரை ஒழுகுவதைக் காட்டினாள், ஓட்டை விழுந்த குளியலறையைக் காட்டினாள், ஒரே ஒரு புட்டி விற்றால் போதும் என்று கெஞ்சினாள். ஓப்பல் ஒழுகும் இடத்தில் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவளுக்கு ஆத்திரம் மூட்டியது சுற்றுலா பஸ்தான். அவள் வீடு கிடங்குக்கு ஒட்டியிருப்பதால் பஸ் அவள் வேலி ஓரமாகத்தான் நிற்கும். கம்பெனிப் பெண் கர்ட்னி, சிரித்த முகம், நல்ல குரல், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு ஒப்பிப்பாள்.

"எல்லாரும் வோட்கா பக்கம் போனப்பவும் டாஸ்வெல் தன் விஸ்கி மேல வெச்ச நம்பிக்கையை ஒரு நாளும் விடல!"

சமையலறைச் சன்னலை மேலே தூக்கித் திறந்து ஓப்பல் பதில் கொடுப்பாள். "மூடிட்டு ஓடுனீங்கடி! கழுதை வயித்துல ஊத்தி வித்துட்டு, மூடிட்டு ஓடுனீங்க!"

இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் பயணிகள் கைதட்டுவார்கள். அதற்கப்புறம் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தச் சமயத்தில் ஆலைக்குப் பின்னால் புதிதாகக் குடியிருப்பு கட்டி வந்தவர்கள், எங்கள் வீடு கறுக்கிறது, எங்கள் கார் கறுக்கிறது என்று வழக்குப் போட்டார்கள். விஸ்கி வேண்டும், விஸ்கியின் கறுப்பு வேண்டாம். கம்பெனி சமாதானம் பேசி, சுற்றுவட்டாரத்து வீடுகளையெல்லாம் வருஷா வருஷம் தன் செலவில் கழுவி வெள்ளையடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டது. கர்ட்னி நேரில் வந்து சொன்னாள். ஓப்பல் வாசலிலேயே நிறுத்திப் பேசினாள்.

"மத்தவங்க வீட்டை என்ன வேணா பண்ணிக்கோ கண்ணு. என் சுவத்துல கை வெச்சா கை இருக்காது."

"இலவசம்தான் அம்மா. கறுப்பு பாக்க நல்லாவா இருக்கு?"

"எனக்கு நல்லாயிருக்கு."

அந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு காலையில் ஓப்பலும் ஹேசலும் வடக்குச் சுவருக்கு முன்னால் நின்றார்கள். பழைய புட்டிக் கூடத்தில் வேலை பார்த்தவர்களில் அவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். குழாய்க்குப் பின்னால் இருந்த பழைய கோட்டையும் பக்கத்துச் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எது கோடு, எது சுவர் என்று தெரியவில்லை. ஹேசல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"ஜெயிச்சுட்ட ஓப்பல்" என்றாள். "அன்னைக்குச் சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி, தெரியுமா?"

"தெரியும். நீ மூக்கால சிரிப்ப. தனியாக் கேக்கும்."

பந்தயச் சனிக்கிழமை பெட்டியைத் திறப்பது என்று இருவரும் பேசி வைத்தார்கள். அதற்குள் ஹேசல் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

ஹேசலின் அடக்கப் பூசைக்கு ஓப்பல் தனியாகப் போனாள். நார்மாவுக்கு முழங்கால் வலி, வீட்டில் இருந்துகொண்டாள். பூசை முடிந்து, கல்லறைக்குப் போய், ஒரு பிடி மண் போட்டுவிட்டு ஓப்பல் வீடு திரும்பியபோது தெருமுனையிலேயே கண் கூசியது. வீடு வெள்ளையாக நின்றது. தண்ணீர் பீய்ச்சும் வண்டி அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. நார்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் சிரித்தபடி நின்றாள்.

"பாத்தியா அண்ணி! கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு வீடு. கழுவட்டுமான்னு கேட்டாங்க, நாந்தான் பேஷாக் கழுவுங்கன்னுட்டேன். ஹேசல் போன துக்கத்துல வர்ற, சந்தோசப்படுவேன்னு பாத்தேன்..."

ஓப்பலின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஓப்பல் வடக்குச் சுவருக்குப் போனாள். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"பிரூயிட் சொன்னபடியே வந்து வெள்ளையடிச்சுட்டான்டி" என்றாள். குரல் உடைந்துவிட்டது. கிளீட்டஸ் செத்தபோதுகூட நார்மா அந்தக் குரலைக் கேட்டதில்லை.

பின்னாலேயே வந்த நார்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை வருஷம் கேலி செய்தாளே தவிர, அந்தச் சுவர் அண்ணிக்கு என்ன என்று அவள் யோசித்துப் பார்த்ததில்லை. "எனக்குப் புத்தியே இல்ல அண்ணி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஓப்பல் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் குழாய்க்குப் பின்னால் விரலை விட்டுக்கொண்டிருந்தாள். வெளியே எடுத்தபோது விரல் கரியாக இருந்தது. பீய்ச்சிய தண்ணீர் குழாய்க்குப் பின்னால் போகவில்லை. கிளீட்டஸ் விட்டுவைத்த கோடு அப்படியே இருந்தது.

ஓப்பல் நேராக நிலவறைக்கு இறங்கினாள்.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வரும்போது சுற்றுலா பஸ் வேலியோரம் வந்து நின்றுவிட்டது. கர்ட்னி ஒலிபெருக்கியை எடுத்தாள். நம்பிக்கையை ஒரு நாளும் விடல என்ற இடம் வந்தபோது, துக்கத்துக்குப் போட்ட கறுப்பு உடுப்பைக்கூட மாற்றாத ஒரு கிழவி, அட்டைப் பெட்டி ஒன்றை வேலிக்கு உள்பக்கம் தரையில் வைத்து ஒரு புட்டியை உருவுவதை அவள் பார்த்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நின்ற தாடிக்காரன் ஒருவனும் பார்த்தான். அவன் வேலியைப் பிடித்துக்கொண்டு எம்பினான்.

"கடவுளே! அது மூடுறதுக்கு முன்னாடி அடைச்சது! லேபிளைப் பாருங்க, ஒரு கிழிசல்கூட இல்ல!"

"அது ஹேசல் ஒட்டுனது. அவ ஒட்டுனா அப்படித்தான் இருக்கும். இப்பதான் அவளைப் புதைச்சிட்டு வர்றேன்" என்றாள் ஓப்பல். பிறகு கர்ட்னியைப் பார்த்தாள். "ஏம்மா, இந்தச் சரக்கை எங்களுக்கு எதுக்குக் குடுத்தாங்கன்னு உனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்களா?"

"இல்லம்மா."

"எவனும் வாங்கலன்னு குடுத்தாங்க. வேலையைப் புடுங்கிக்கிட்டு, விக்காத சரக்கை ஆளுக்கொரு பெட்டி தூக்கிக்கிட்டுப் போன்னாங்க. பழுப்பு விஸ்கி முடிஞ்ச கதைன்னாங்க. என் வீடு திரும்பக் கறுக்கும்னு சொன்னேன், சிரிச்சாங்க. கறுத்துச்சு. போன வாரம் இதே இடத்துல நின்னு நானும் ஹேசலும் கண்ணால பாத்தோம். நீங்க வந்து கழுவிட்டா அது பொய்யாயிடுமா?"

ஒலிபெருக்கியைத் தாழ்த்திக்கொண்டாள் கர்ட்னி. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை.

ஓப்பல் மூடியைத் திருகினாள். "தின்னுட்டுத் திரும்பச் சுவரெல்லாம் படரு" என்று சொல்லிக்கொண்டே, குழாய்க்குப் பின்னால் இருந்த கறுப்புக் கோட்டின்மேல் விஸ்கியை மெதுவாக ஊற்றினாள். அது கரியைக் கரைத்துக்கொண்டு வெள்ளைச் சுவரில் பழுப்பாக வழிந்தது. பாலில் உறைமோர் விடுகிறவளின் கவனம் அவள் கையில் இருந்தது. மூடியைத் திருகுவது, ஊற்றுவது, புட்டியைப் புல்லில் போடுவது என்று ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒவ்வொரு புட்டிக்கும் தாடிக்காரன் பிள்ளையைப் பறிகொடுத்தவன்போல முனகினான்.

"அம்மா, ஊத்தாதீங்க அம்மா! ஒண்ணே ஒண்ணு எனக்குக் குடுங்க. நீங்க கேக்குறதைத் தர்றேன்."

"நீ அன்னைக்கு வந்திருக்கணும் தம்பி. சும்மாவே குடுத்திருப்பேன்."

கர்ட்னி வேலியோரமாக நடந்து வந்தாள். கம்பெனிச் சிரிப்பு போய் வேறு முகம் வந்திருந்தது. "நாளையில இருந்து நான் மூடுனதையும் சொல்றேன் அம்மா" என்றாள் தணிந்த குரலில். "வேலை போனாலும் போகட்டும்."

"நாளைக்கு எதுக்கு? ஜனங்க இன்னைக்குத்தானே நிக்கிறாங்க" என்றாள் ஓப்பல்.

கர்ட்னி கூட்டத்தின் பக்கம் திரும்பி, ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோய், "எண்பத்தாறுல இந்த ஆலையை மூடிட்டாங்க" என்றாள்.

பெட்டியில் ஒரு புட்டி பாக்கி இருந்தது. ஓப்பல் அதைத் திறந்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்தாள். நார்மா நொண்டிக்கொண்டே உள்ளே போய் இரண்டு தம்ளர் கொண்டுவந்தாள். வோட்காவைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காதவள், தன் தம்ளரை முதலில் நீட்டினாள்.

"எனக்கும் ஒரு வாய் ஊத்து அண்ணி."

"உங்கப்பா வந்து பக்கத்துல உக்காந்துக்குவாருடி."

"உக்காரட்டும். அண்ணனையும் கூட்டிக்கிட்டு வரட்டும்."

ஓப்பல் இருவருக்கும் ஊற்றினாள். பிறகு தன் தம்ளரை வெயிலில் உயர்த்திப் பிடித்து, பழைய பழக்கத்தில் துகள் ஏதும் மிதக்கிறதா என்று பார்த்தாள். எதுவும் இல்லை. ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டம் மொத்தமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

தாடிக்காரனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "எப்படி அம்மா இருக்கு?" என்றான், கெஞ்சும் குரலில்.

"நல்லாயிருக்கு" என்றாள் ஓப்பல் சிசெல். "நீங்க எல்லாரும் வேணாம்னு சொன்ன அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."